தம்பியை அழைத்துவரப் போய்ப் பார்த்த கொரியப் படங்கள்

தேனியில் கொரியப் படம் பார்த்த ஒரே ஆள் நான்தான் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வீடியோ கேசட் கடை வைத்திருக்கும் பாண்டி என்னைக் கண்டால் விடுவதில்லை. "அண்ணே, கராத்தே படமெல்லாம் அந்த ஊருதானே? எதக் கொண்டாந்து போட்டா நம்மூர்ல எடுபடும்? சண்டையா, பேயா? ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே" என்று நச்சரிக்கிறான். இரும்புக்கடையில் ஆணி எடை போட்டுக்கொண்டிருக்கிறவனிடம் வந்து கேட்கிற கேள்வியா இது?

சரி, சொல்கிறேன். சண்டைப் படம், பேய்ப் படம், சிரிப்புப் படம், அழுகைப் படம் எல்லாம் பார்த்தேன். எல்லாமே பார்க்க வேண்டிய படங்கள்தான். ஆனால் ஒன்றுக்கும் பெயர் தெரியாது. அவர்கள் எழுத்தில் வட்டமும் கோடும் தவிர எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதோடு, நான் படம் பார்க்கப் போனவனும் இல்லை. என் தம்பி தங்கராசுவின் உடலை எடுத்துவரப் போனவன்.

தங்கராசு கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டர். கொரியாவில் பூசான் என்கிற துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது சரக்கு இறக்கும் பள்ளத்துக்குள் தவறி விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. புது வருஷ ஆராதனை முடிந்த வாரத்தில் தந்தி வந்தது. இறந்துவிட்டார், உறவினர் ஒருவர் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று இருந்தது. பெற்றுக்கொள்ள அவன் என்ன ரயில்வே பார்சலா?

அம்மா அழவில்லை. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். "பெரியவனே, எப்பிடி இருந்தாலும் சரி, முழுசாக் கொண்டாந்திரு. அவன் மூஞ்சியப் பாக்காம எனக்கு ஆறாது. ஒங்கப்பா பக்கத்துல மண்ணுல வைக்கணும். மண்ணுல படுத்தவுகதேன் கடைசி நாள்ல எந்திரிப்பாக. நீ வாக்குக் குடுத்துட்டுப் போ."

வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். தேனிக் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வரிசையே உண்டு. அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மா தனக்கென்று வைத்திருந்த இடத்தைத்தான் இப்போது மகனுக்கு விட்டுக்கொடுத்தாள்.

பூசானில் இறங்கியதும் குளிர் வந்து முகத்தில் அறைந்தது. மேகமலை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் சிநேகிதன் ஒருவனுடைய கம்பளிக் கோட்டை வாங்கிப் போட்டுப் போயிருந்தேன். மேகமலைக் குளிரை வைத்துப் பூசான் குளிரைக் கணக்குப் போட்ட என் புத்தியை என்ன சொல்ல! மூக்கு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கப்பல் ஏஜெண்ட் ஆபீசிலிருந்து கிம் என்பவர் வந்து நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடி போட்ட, ஒடிசலான மனிதர். என்னைக் கண்டதும் இடுப்பு வளையக் குனிந்தார். பிறகு பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே தரம், அதனால் ஒருவருக்கொருவர் நன்றாகப் புரிந்தது.

"என் தம்பியைப் பார்க்க வேண்டும்" என்றேன்.

"மேனேஜர் சியோலுக்குப் போயிருக்கிறார். அவர் வந்து, அவர் கையால்தான் உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். அதுதான் மரியாதை. உங்கள் தம்பி நல்ல இடத்தில் இருக்கிறார். சுத்தமான, சத்தம் இல்லாத இடம். முதலில் சாப்பிடுங்கள்."

ஆபீசர் கேம்ப் போயிருக்காரு என்பதை எந்தத் தேசத்துக்குப் போனாலும் கேட்கலாம் போலிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஐஸ் அறையில் வைத்திருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதைத்தான் சுத்தமான இடம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

கிம் ஒரு சந்துக்குள் கூட்டிப்போனார். பெரிய சட்டியில் பன்றி எலும்பு வெந்துகொண்டிருந்தது. அங்கே சோற்றையும் சாற்றையும் பிரித்துத் தருவதில்லை, ஒரே கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்க வைக்கிறார்கள். தண்ணீர் கேட்டால் வறுத்த பார்லி போட்ட வெந்நீர் வருகிறது. கிம் என்னைப் பற்றி ஏதோ சொல்லியிருப்பார். கடைக்காரம்மா வந்து இன்னும் ரெண்டு துண்டுக் கறியை என் கிண்ணத்தில் போட்டு, அதட்டுவது மாதிரி ஒன்று சொன்னாள்.

"சாகிறவர் செத்துவிட்டார், தூக்கிக்கொண்டு போகிறவனுக்குத் தெம்பு வேண்டும், தின்னு என்கிறாள்" என்று கிம் சொன்னார்.

அந்த அம்மாளை அப்படியே கொண்டுவந்து சின்னமனூர்ச் சந்தையில் உட்காரவைத்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அன்றைக்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு முதல் தடவையாக வயிறு நிறையத் தின்றேன்.

எனக்குக் கொடுத்த அறையில் கட்டில் இல்லை. தரைக்கு அடியில் நெருப்பு ஓட்டி, தரையைச் சூடாக வைத்திருந்தார்கள். முதுகு வேகிறது, மூக்கு உறைகிறது. அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தால் தங்கராசு விழுந்த பள்ளம்தான் கண்ணுக்குள் வந்தது. இதைக் கிம்மிடம் சொன்னதும் அவர் சற்று யோசித்தார்.

"உங்கள் தம்பி கப்பல் வரும்போதெல்லாம் ஒரு தியேட்டருக்குப் போவார். நானே பலமுறை டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பக்கத்தில்தான். போகலாமா?"

எங்கள் வீட்டில் துக்கம் விழுந்தால் ஒரு வருஷத்துக்குச் சினிமா வாசலை மிதிக்கக் கூடாது. அம்மாவுக்குத் தெரிந்தால் விளக்குமாறு பிய்ந்துவிடும். ஆனால் தங்கராசு கடைசியாக லீவில் வந்தபோது சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. "அண்ணே, அவுக படத்தப் பாக்கணும்ணே. பாசை புரியாமலே அழுதிருவ. நம்மாளுக அங்கன வந்தாக்க, சீட்ட விட்டு எந்திரிக்க மாட்டாக." அவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு எந்தச் சாத்திரத்தில் தடை இருக்கிறது? போனேன்.

தியேட்டர் வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் கையால் வரைந்த பேனர். நம்மூர் மாதிரியே கதாநாயகன் மூக்கு ஒரு பக்கம் கோணியிருந்தது. உள்ளே கெட்ட கவுச்சி. என்னவென்று பார்த்தால், கணவாய் மீன் கருவாட்டைச் சுட்டு, கிழித்துக் கிழித்து மென்றுகொண்டிருக்கிறார்கள். நாம் கடலை கொறிப்பது மாதிரி அவர்கள் கருவாடு கொறிக்கிறார்கள். விளக்கை அணைத்ததும் தேசிய கீதம் போட்டார்கள். நம் தியேட்டர்களில் படம் முடிந்ததும் போடுவார்கள், பாதிப் பேர் கதவைத் தாண்டியிருப்பார்கள். இவர்கள் கெட்டிக்காரர்கள், முதலிலேயே போட்டு எழுப்பிவிடுகிறார்கள்.

முதல் நாள் சண்டைப் படம். உப்பு வியாபாரியிடம் கூலிக்கு மூட்டை சுமக்கிற ஒருவன். வாய் திறந்து பேசவே மாட்டான். வரி என்று சொல்லி ஊரைச் சுரண்டும் அதிகாரியின் ஆட்கள் அவன் முதலாளியைக் கொன்றுவிடுகிறார்கள். சுமை தூக்கும் கம்பையே ஆயுதமாக வைத்துக்கொண்டு அவன் ஒவ்வொருவனாகத் தேடிப் போகிறான். பனியில் ரத்தம் விழுகிற காட்சி ஒன்று உண்டு. கம்பத்திலோ சின்னமனூரிலோ ஒரு டூரிங் கொட்டகையில் போட்டால் விசில் சத்தத்தில் கீற்று பறக்கும். ஆனால் கடைசியில் அவனும் செத்துப்போகிறான். நம்மவர்கள் அதை ஒத்துக்கொள்வார்களா தெரியாது. பாண்டி, இதை நீ தைரியமாக எடுக்கலாம், கடைசிச் சுருளை மட்டும் யோசித்துக்கொள்.

மறுநாள் காலையில் எழுந்ததும் கேட்டேன். மேனேஜர் வரவில்லை. கிம் என்னை டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கப்பல் துறையைக் காட்டக் கூட்டிப்போனார். நடுரோட்டில் சங்கு ஊதியது. பஸ் நின்றது, கார் நின்றது, நடந்தவர்கள் கடைகளுக்குள் புகுந்தார்கள். ரோடு வெறிச்சோடிவிட்டது.

"சண்டையா?" என்று கேட்டேன்.

"இல்லை, பயிற்சி. வடக்கே இருக்கிறவன் குண்டு போட்டால் என்ன செய்வது என்று மாதாமாதம் பழகுகிறோம்" என்றார் கிம். பக்கத்து சீட்டில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். சங்கு ஊதியதற்கும் எழவில்லை, மறுபடி ஊதி பஸ் கிளம்பியதற்கும் எழவில்லை. "அவர் உண்மையான குண்டையே பார்த்தவராக இருக்கும்" என்று கிம் சொன்னார்.

துறைமுகத்தில் தங்கராசு வேலை பார்த்த கப்பல் இல்லை. அது எப்போதோ புறப்பட்டுவிட்டது. அவன் விழுந்த இடமும் அதற்குள்ளேயே போய்விட்டது. வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிம் பக்கத்தில் நின்றார்.

அன்று மத்தியானம் பேய்ப் படம். மாமியார் கொடுமை தாங்காமல் கிணற்றில் விழுந்த மருமகள் திரும்பி வருகிறாள். நம்மூர்ப் பேய் மாதிரியே வெள்ளை உடுப்பு, விரித்த தலை. ஆனால் அவள் யாரையும் கொல்லவில்லை. விடிந்து பார்த்தால் அடுப்படித் தரை ஈரமாக இருக்கும், பானையில் சோறு வெந்திருக்கும். அவ்வளவுதான். வீட்டுக்காரர்கள் முதல் நாள் அலறுகிறார்கள், இரண்டாம் நாள் முழிக்கிறார்கள், மூன்றாம் நாள் அந்தச் சோற்றைத் தின்ன ஆரம்பித்துவிடுகிறார்கள். செத்தவளையும் வேலை வாங்குகிறார்கள். பேயைப் பார்த்துப் பயப்படாமல் அந்தக் குடும்பத்தைப் பார்த்து நான் பயந்த ஒரே பேய்ப் படம் இதுதான். கட்டாயம் பார்க்க வேண்டியது. மாமியாரோடு சேர்ந்து போகாமல் இருப்பது நல்லது.

வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. குன்றுகளில் வீடுகளுக்கு நடுவே சிவப்பு விளக்குச் சிலுவைகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. நம் பக்கம் மலையில் காட்டுத் தீதான் இப்படிச் சிவப்பாகத் தெரியும். எனக்கு மனசு கொஞ்சம் இளகியது.

"இவ்வளவு கோயில்களா? எங்கள் அம்மா பார்த்தால் சந்தோஷப்படுவாள். நாங்களும் கிறிஸ்தவர்கள்தான்" என்றேன்.

கிம் நின்றுவிட்டார். "என்ன சொன்னீர்கள்?"

"கிறிஸ்தவர்கள். தங்கராசு சின்ன வயதில் பாடல் குழுவில் பாடுவான். பெயரைப் பார்த்தால் தெரியாது. தமிழ்ப் பெயர்தான் வைக்க வேண்டும் என்று அப்பாவுக்குப் பிடிவாதம்."

அவர் முன்னால் நடந்தார். சாப்பாட்டுக் கடையில் எனக்கு மட்டும் வாங்கி வைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தார். வயிறு சரியில்லை என்றார். நானும் நம்பினேன்.

அடுத்த நாள் அவர் முகமே சரியில்லை. தம்பியைப் பற்றிக் கேட்டால், "மேனேஜர் வரட்டும், நான் எப்படிச் சொல்ல" என்று முணுமுணுத்தார். நேராகத் தியேட்டருக்குப் போனோம். சிரிப்புப் படம். லாரி டிரைவர் ஒருவன் குடிபோதையில் பக்கத்து வீட்டுக்குள் போய்ப் படுத்துவிடுகிறான். அந்த வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள், இவன்தான் பெண்ணின் தகப்பன் என்று நினைத்து விழுந்து கும்பிடுகிறார்கள். அவனும் சீர்வரிசை பேச ஆரம்பித்துவிடுகிறான். கிம் என் காதில் அர்த்தத்தைத் தாமதமாகத்தான் சொல்லுவார். தியேட்டர் சிரித்து ஓய்ந்தபிறகு நான் தனியாகச் சிரிப்பேன். அதைப் பார்த்து முன்சீட்டுக்காரர்கள் இன்னொரு தடவை சிரித்தார்கள். தம்பி ஐஸில் கிடக்கிறான், அண்ணன் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைப்பு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன். குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம் அது. நான் பார்த்திருக்கக் கூடாத படமும் அதுதான்.

பொறுமை போய்விட்டது எனக்கு. மறுநாள் காலை கிம் வந்ததுமே கத்திவிட்டேன். "இன்றைக்குக் காட்டுகிறீர்களா இல்லையா? ஊரில் பெட்டி செய்து வைத்திருக்கிறார்கள். குழி வெட்டக் காத்திருக்கிறார்கள். என்ன ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?"

"சாயந்திரம் மேனேஜர் வருகிறார். சாயந்திரம் நிச்சயம்" என்றார்.

அதுவரைக்கும் எங்கே போவது? தியேட்டர் வாசலுக்கே போய் நின்றோம். படம் மாறியிருந்தது. பேனரில் ஒரு வயதான அம்மாள் ரயில்வே பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் அம்மா மாதிரியே தோள் ஒடுங்கி, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைப் பார்ப்போம்" என்றேன்.

"இது வேண்டாம். நல்ல படம் இல்லை. வேறு தியேட்டருக்குப் போகலாம்" என்று கிம் என் கையைப் பிடித்து இழுத்தார்.

நான் பிடிவாதக்காரன். வேண்டாம் என்று சொன்னால்தான் செய்வேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். வேறு வழி இல்லாமல் அவரும் வந்து உட்கார்ந்தார்.

இந்தப் படத்தைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும் என்பேன். தேநீர்க்கடை வைத்திருக்கும் விதவை. ஒரே மகன் சண்டைக்குப் போகிறான். மற்ற தாய்மார்கள் மகன் வருகிறானா என்று ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். இவள் மட்டும் போவதில்லை. "அவன் வந்தால் கடைக்கு வழி தெரியாதா?" என்று பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். சண்டை முடிகிறது. ஒரு நாள் அவளும் நல்ல துணி உடுத்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறாள். ரயில் வந்து நிற்கிறது. கூட்டமெல்லாம் இறங்கிப் போனபிறகு ஒரு சிப்பாய் இறங்குகிறான். அவன் கழுத்திலிருந்து வெள்ளைத் துணியில் ஒரு பெட்டி தொங்குகிறது. சின்னப் பெட்டி. அதை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்திருக்கிறான்.

அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தியேட்டர் முழுக்க அழுகை வெடித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவி கருவாட்டைக் கீழே போட்டுவிட்டு முந்தானை போன்ற துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு பெட்டியைப் பார்த்து இத்தனை பேர் ஏன் அழுகிறார்கள்? எனக்கு விளங்கவில்லை.

"அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது?" என்று கிம்மைக் கேட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"மகன்" என்றார். "எரித்து, எலும்பைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள்."

"என் தம்பி?"

"அவரும்."

அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். தெருவில் வைத்து அவர் சட்டையைப் பிடித்தேன். தமிழில் என்னென்னவோ ஏசினேன். "யாரைக் கேட்டுடா எரிச்சீங்க? ஒரு தந்தி குடுத்துக் கேட்டா கை வெந்தா போகும்?" கூட்டம் கூடியது. அவர் என் கையை விடுவித்துக்கொள்ளவே இல்லை.

"இந்தியர்கள் எரிப்பார்கள், அதுவும் சீக்கிரம் எரிக்க வேண்டும், தாமதித்தால் பாவம் என்று கேள்விப்பட்டிருந்தோம். அவர் கூட வேலை பார்த்தவர்கள் அன்றே கப்பலோடு போய்விட்டார்கள், கேட்க ஆள் இல்லை. உங்கள் முறைப்படி சரியாகச் செய்ய வேண்டும் என்றுதான் செய்தோம். உறவினர் இல்லாமல் அனுப்பக் கூடாது என்று நான் கூடப் போனேன். எங்கள் வழக்கப்படி எலும்பை நெருங்கிய உறவினர்தான் பொறுக்க வேண்டும். நான் பொறுக்கினேன்."

இந்தக் கையால் பொறுக்கினேன் என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். நான் சட்டையை விட்டேன். அடிக்கலாம் என்று ஓங்கிய கை அப்படியே நின்றது. என் தம்பிக்கு நானோ சித்தப்பாவோ செய்யாததை இந்த ஆள் செய்திருக்கிறார். தப்பை நல்லதென்று நினைத்துச் செய்தவரை என்ன செய்வது? தங்கராசு என்ற பெயரைப் பார்த்து நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று யாருக்கும் தெரியாது. இந்தியா என்றால் நெருப்பு என்று தெரிந்திருக்கிறார்கள். நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சாயந்திரம் மேனேஜர் வந்தார். குன்றின் மேல் ஒரு புத்தர் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். கிம் சொன்ன சுத்தமான இடம் அதுதான். பாடல் குழுவில் பாடியவன் ஊதுவத்திப் புகைக்கு நடுவே, ஆப்பிள் பழம் படைத்த தட்டுக்குப் பின்னால் இருந்தான். மேனேஜர் தரையில் நெற்றி படக் குனிந்தார். கிம் வெள்ளைத் துணியை என் கழுத்தில் கட்டி, பெட்டியை அதில் வைத்து, "தரையில் மட்டும் வைக்காதீர்கள்" என்றார்.

ஊருக்குத் தந்தி கொடுத்தேன். தம்பியுடன் வருகிறேன் என்று மட்டும் கொடுத்தேன். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

வழி நெடுக மடியிலேயே வைத்திருந்தேன். மதுரையிலிருந்து தேனி பஸ் ஏறினால், ஆண்டிபட்டிக் கணவாயில் டயர் பஞ்சர். எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். பக்கத்து சீட்டில் ஓடைப்பட்டிக்காரம்மா ஒருத்தி கைக்குழந்தையோடு இருந்தாள். "அண்ணே, எம்புட்டு நேரம் கட்டிப் பிடிச்சுக்கிட்டே இருப்பீக? சீட்டுல வச்சுட்டு எறங்குங்க, நான் பாத்துக்கிறேன். என்ன, பலகாரமா?"

"கண்ணாடிச் சாமான்" என்றேன்.

"ஆத்தா, அப்பக் கையிலயே வச்சுக்கங்க. இந்த ரோட்டுல ஒண்ணும் முழுசா ஊரு போய்ச் சேராது" என்றாள்.

வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். நடுவே பெட்டி தயாராக இருந்தது. தச்சர் தங்கராசுவின் பழைய பேண்ட்டை வைத்து உயரம் பார்த்துச் செய்திருந்தார், ஆறடிக்கு மேல் நீளம். ஜனங்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், வேன் வரும் என்று. நான் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கழுத்தில் தொங்கியதைப் பார்த்தாள்.

"தம்பி எங்கடா?"

பெட்டியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "மூஞ்சி எங்கடா? வாக்குக் குடுத்துட்டுப் போனியேடா! மூஞ்சி எங்கடா பெரியவனே!" என்று என் நெஞ்சில் அடித்தாள். அடிக்கட்டும் என்று நின்றேன். பெட்டியில் அடி பட்டதும் அவளே பதறிப்போய், கையை எடுத்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

சபைப் போதகர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா அவரைத்தான் கேட்டாள். "எரிச்சுப்புட்டாகளே. கடைசி நாள்ல எல்லாரும் எந்திரிக்கும்போது எம்புள்ள என்னத்தக் கொண்டு எந்திரிப்பான்?"

"மண்ணப் பெசஞ்சு மனுசனப் பண்ணுனவருக்குச் சாம்பல்ல பண்ணத் தெரியாதாம்மா?" என்றார் அவர். அம்மாவுக்கு அது போதவில்லை. ஆனால் அழுகை கொஞ்சம் மட்டுப்பட்டது.

சித்தப்பாதான் அந்தப் பேச்சை எடுத்தார். "மதினி, இதுக்கு இம்புட்டு நீளப் பெட்டி எதுக்கு? சின்னதா ஒரு குழி போட்டு வச்சிருவோம். பச்சப்புள்ளைகளுக்குப் போடுறாப்பல."

அம்மா எழுந்துவிட்டாள். "ஆறடி ஆம்பளைக்குப் பச்சப்புள்ளக் குழியா? வெட்டுன குழியில யாரும் கை வைக்கக் கூடாது. அவன் பெட்டியிலதேன் அவன் போவான்."

அவளே உள்ளே போய்த் தங்கராசுவின் சட்டை, பேண்ட், போர்வை எல்லாவற்றையும் எடுத்துவந்தாள். நெஞ்சு வர வேண்டிய இடத்தில் அந்தச் சின்னப் பெட்டியை வைத்தாள். நகராமல் இருக்கச் சுற்றிலும் துணியை அடைத்தாள். காலடியில் ஷூவை வைத்தாள். மூடியை ஆணி அடிக்கிறபோது அவள் கண்ணை எடுக்கவில்லை. ஆணி என் கடை ஆணி.

தூக்குவதற்கு ஆறு பேர் வந்தார்கள். எல்லாரும் தங்கராசுவோடு பந்து விளையாடியவர்கள். பெட்டி என்றால் இவ்வளவு கனம் இருக்கும் என்று அவர்கள் தோளுக்கு ஒரு பழக்கம் உண்டல்லவா? அந்தப் பழக்கத்தில் மூச்சைப் பிடித்து ஒரே மூச்சாகத் தூக்கினார்கள். பெட்டி விருட்டென்று மேலே போய்ப் பந்தல் கம்பில் இடித்தது. ஒருவன் நிலை தடுமாறிப் பின்னால் சாய்ந்தான். உள்ளே ஷூ உருண்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அந்தப் பையன்கள் தப்புச் செய்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

அம்மா முன்னால் வந்தாள்.

"எறக்குங்கய்யா."

இறக்கினார்கள்.

"எம்புள்ள கனமான ஆளு. கனமாத் தூக்குங்க."

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குனிந்தார்கள். முழங்காலை மடக்கி, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க, மெதுவாக எழுந்தார்கள். ஒருவன் முனகக்கூடச் செய்தான். தோளில் ஏற்றிக்கொண்டு, அடி மேல் அடி வைத்து, பஜாருக்குள் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஒரு பக்கத்து ஆள் தோள் மாற்றிக்கொண்டான். பிறகு அடுத்தவன் மாற்றிக்கொண்டான். வேர்வையைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். அது பொய் வேர்வை இல்லை, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

கடைக்காரர்கள் பலகையைச் சாத்திவிட்டு எழுந்து நின்றார்கள். ஏலக்காய் மூட்டையோடு போடி பஸ்ஸுக்குக் காத்திருந்த வெளியூர்க்காரர் ஒருவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்தார். பெட்டி அவரைத் தாண்டும்போது பக்கத்து ஆளிடம், "நல்ல ஒடம்புக்காரக போலருக்கு" என்றார்.

பின்னால் வந்துகொண்டிருந்த அம்மா நின்று, அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாய்யா" என்றாள். "நல்ல ஒடம்பு."